சட்டம் எந்தச் சொல்லில் பேசுகிறதோ, அந்தச் சொல்லில் தேடுங்கள்

(வரி, சட்டத் தரவுத்தளங்களில் சொல் கொண்டு தேடுவது பற்றி ஏறாவூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலை விழித்தது முதல் கைபேசியில் எதையாவது தேடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு, தேடுவது எப்படி என்று ஒரு பேச்சா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பாட்டுத் தேடும்போது தப்பினால் வேறொரு பாட்டு வரும். அதையும் கேட்டுவிட்டுப் போகலாம். வரியில் தப்பினால் தண்டப்பணமும் வட்டியும் வரும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடமிருந்து வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்தால், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 139ஆம் பிரிவுப்படி, மீளாய்வு கேட்க உங்களுக்கு இருப்பது 30 நாட்கள். அதற்குள் தேட வேண்டும், வாசிக்க வேண்டும், எழுத வேண்டும். தேடுவதிலேயே 20 நாள் போய்விட்டால் மிச்சத்துக்கு என்ன செய்வது?

முதலில், நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இலங்கையில் வர்த்தமானி 1802 மார்ச் 15ஆம் திகதி தொடங்கியது. வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. இந்தக் காகிதங்கள் எல்லாம் நீண்ட காலம் கொழும்பில் சட்டத்தரணிமாரின் அலுமாரிகளிலும் பெரிய நூலகங்களிலும்தான் இருந்தன. இன்று சட்டங்களும் வர்த்தமானிகளும் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மூன்று மொழிகளிலும் கிடைக்கின்றன. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளைத் தங்கள் தளங்களில் இடுகின்றன. இலங்கைச் சட்டங்களும் தீர்ப்புகளும் கிடைக்கும் லோநெட் இருக்கிறது. பொதுநலவாய நாடுகளின் சட்டங்களைத் திரட்டி வைத்திருக்கும் கொமன்லீ இருக்கிறது. இந்தியத் தீர்ப்புகளுக்கு 2008இல் சுஷாந்த் சின்ஹா என்ற கணினிப் பொறியியலாளர் தொடங்கிய இந்தியன் கானூன் இருக்கிறது. இவை எல்லாம் இலவசம். சந்தா கட்டினால் இன்னும் வசதியான தரவுத்தளங்களும் உண்டு. ஏறாவூரில் ஒரு கடையின் பின்னறையில் இருந்துகொண்டே கொழும்புச் சட்டத்தரணி வாசிக்கும் அதே தீர்ப்பை நீங்களும் வாசிக்கலாம்.

கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனவர்கள் ஏன் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

தேடுபொறி என்பது கடைக்குப் புதிதாக வந்த பொடியனைப் போல. சீனி எடு என்றால் சீனியை எடுப்பான், சர்க்கரை எடு என்றால் சர்க்கரையை எடுப்பான். தேத்தண்ணிக்கு இனிப்பாக ஏதாவது எடு என்றால் விழிப்பான். உங்கள் பிரச்சினை என்னவென்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. நீங்கள் தட்டிய எழுத்துகள் எந்தக் காகிதத்தில் இருக்கின்றன என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே நம்முடைய கஷ்டத்தை, சட்டத்தையும் தீர்ப்பையும் எழுதியவர்களின் சொல்லுக்கு மாற்றும் வேலை நம்முடையதுதான்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பிளேர், மேரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பெரிய வழக்குக்காக ஏறக்குறைய 40,000 ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, அனுபவமுள்ள சட்டத்தரணிகள் தேடினார்கள். தங்களுக்கு வேண்டியவற்றில் முக்கால்வாசியாவது கிடைத்துவிட்டது என்று அவர்கள் நம்பினார்கள். ஆய்வாளர்கள் சரிபார்த்தபோது, சராசரியாகக் கிடைத்திருந்தது ஐந்தில் ஒரு பங்குதான். காரணம் மிக எளிது. சட்டத்தரணிகள் "விபத்து" என்று தேடினார்கள். அதில் சம்பந்தப்பட்டு, பிழை தங்கள் பக்கம் இருக்கக்கூடியவர்கள் அந்தச் சொல்லைத் தவிர்த்தே எழுதினார்கள். "சம்பவம்", "நிலைமை", "சிக்கல்", "சிரமம்" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். தன் பக்கத்தில் நடந்ததை விபத்து என்று யார் எழுதுவார்? இந்த ஆய்வில் நான் பெரிதாக நினைப்பது, பாதிக்கு மேல் தவறவிட்டும் போதிய அளவு கிடைத்துவிட்டது என்று அவர்கள் நிம்மதியாக இருந்ததைத்தான். தேடல் கிடைத்ததைக் காட்டும்; கிடைக்காததைக் காட்டாது. "ஒன்றும் வரவில்லை" என்பதற்கும் "சட்டத்தில் ஒன்றும் இல்லை" என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரு கேள்வியை எடுத்து, கடைசி வரை தேடிப் பார்ப்போம்.

புன்னைக்குடா வீதிப் பக்கம் ஒருவர் ஒரு ஏக்கர் காணி வாங்குகிறார் என்று வையுங்கள். 160 பேர்ச். வீடு கட்ட அவருக்கு 20 பேர்ச் போதும். ஆனால் காணிக்காரர் துண்டாக விற்கமாட்டேன், எடுத்தால் முழுக்க எடு என்கிறார். இவர் முழுவதையும் வாங்கி, எட்டாகப் பிரித்து, பாதை விட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஏழு துண்டுகளையும் விற்கிறார். கையில் நல்ல காசு. அவர் உங்களிடம் வந்து, "தம்பி, நான் காணி வியாபாரி இல்லை. வீட்டுக்குத்தானே வாங்கினேன். இதுக்கும் வருமான வரியா?" என்று கேட்கிறார்.

புதிதாகத் தேடுபவர் ஆங்கிலத்தில் "காணி" என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டுவார். காணி எடுத்தல், காணிப் பிரிவினை, குத்தகை, எல்லைத் தகராறு என்று ஆயிரக்கணக்கில் கொட்டும். பிறகு "காணி விற்பனை வரி" என்று தட்டுவார். முத்திரைத் தீர்வை வரும். அது வேறு கதை, மாகாண சபையோடு தொடர்புடையது. இவ்விரண்டும் கேட்டவரின் கேள்விக்குள் நுழையவே இல்லை.

கொஞ்சம் நில்லுங்கள். கேள்வியைப் பிரியுங்கள். இங்கே பிரச்சினை காணியா? இல்லை. ஒரே ஒரு தடவை செய்த கொடுக்கல் வாங்கல் வியாபாரம் ஆகுமா என்பதுதான் பிரச்சினை. மாடு வாங்கி விற்றாலும், கப்பல் சரக்கை ஒரே முறை வாங்கி விற்றாலும் அதே கேள்விதான். பழைய வரிச் சட்டங்கள் வியாபாரம் என்பதற்கு வரைவிலக்கணம் தரும்போது, "வியாபாரத் தன்மையுடைய ஒவ்வொரு துணிகர முயற்சியையும்" சேர்த்துச் சொல்லியிருந்தன. ஆங்கிலத்தில் "அட்வென்ச்சர் இன் த நேச்சர் ஒஃப் ட்ரேட்" என்பது அந்தத் தொடர். எந்த வியாபாரியும் தன் காணி விற்பனையை அட்வென்ச்சர் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் நீதிபதிகள் நூறு வருடமாக அந்தச் சொல்லில்தான் எழுதி வந்திருக்கிறார்கள்.

அந்தத் தொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். மேற்கோள் குறி முக்கியம். அது இல்லாவிட்டால் ஆறு சொற்களும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் காகிதங்கள் எல்லாம் வரும். குறி இட்டால் அடுத்தடுத்து அதே வரிசையில் வருபவை மட்டும் வரும். நம் நாட்டு வழக்குகளில் இந்தத் தேடல் கொண்டுபோய் நிறுத்தும் பெரிய தீர்ப்பு ராம் ஈஸ்வரா வழக்கு. நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பின் 65ஆம் தொகுதி, 393ஆம் பக்கம். கொழும்பில் ஒரு தாய், மகள்மாரின் பாடசாலைக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்று காணி தேடினார். தேவைக்கு மேற்பட்ட பெரிய காணியை முழுக்க வாங்க வேண்டியதாயிற்று. துண்டுகளாகப் பிரித்து விற்று, ஒரு பகுதியைத் தனக்கு வைத்துக்கொண்டார். நம்முடைய ஆள் கேட்ட அதே கேள்வி! 1965இல், அக்காலத்து இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு இது. லோர்ட் ரீட் தந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: ஒருவர் தான் விரும்பியதைப் பெறுவதற்காகச் செய்த காரியம் முழுக்க முழுக்க வியாபாரத்தின் அடையாளங்களோடு இருக்குமானால், "என் நோக்கம் வேறு" என்று சொல்வது அவரைக் காப்பாற்றாது. செய்த காரியம் இரண்டு விதமாகவும் எடுக்கக்கூடியதாக இருந்தால், அப்போது நோக்கம் கணக்கில் வரும். அந்தத் தாய் தோற்றார்.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனியுங்கள். ஒன்று, பெயர். ஈஸ்வரா என்பதை ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் "ஏ" எழுத்தோடும் இன்னோர் இடத்தில் "ஈ" எழுத்தோடும் எழுதியிருக்கிறார்கள். ஓர் எழுத்து மாறினால் தேடுபொறிக்கு அது வேறு ஆள். நம் பக்கத்துப் பெயர்களைச் சொல்லவே வேண்டாம். முகைதீன் என்ற ஒரே பெயர் பதிவேடுகளில் மொஹிதீன், மொஹிடீன், முஹைதீன் என்று எத்தனை வேடம் போடுகிறது! ஏறாவூருக்கே ஆங்கிலத்தில் ஒற்றை "யூ" போட்டும் எழுதுகிறார்கள், இரட்டை "ஓ" போட்டும் எழுதுகிறார்கள். எனவே பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள். பல தரவுத்தளங்களில் நட்சத்திரக் குறி இட்டால், அதற்கு முன்னுள்ள எழுத்துகளோடு தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். வேறு வேறு எழுத்துக்கூட்டல்களை "அல்லது" என்பதற்கான ஆங்கிலச் சொல்லான "ஓர்" கொண்டு இணைத்தும் தேடலாம். தளத்துக்குத் தளம் இந்தக் குறிகள் மாறும். உதவிப் பக்கத்தை ஒரு தடவை வாசித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இரண்டாவது, தொகுதியும் பக்கமும். ஒரு நல்ல தீர்ப்பு கையில் கிடைத்ததும் தேடல் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தத் தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் அப்படியே தேடுசொல்லாகப் போடுங்கள். பின்னால் வந்த தீர்ப்புகளில் எவையெல்லாம் அதை மேற்கோள் காட்டின என்று வரும். சொல் மாறலாம், பெயர் மாறலாம், அந்த எண் மாறாது. பின்வந்த நீதிமன்றம் அதைப் பின்பற்றியதா, ஒதுக்கியதா என்று பார்க்காமல் எந்தத் தீர்ப்பையும் கடிதத்தில் எழுதாதீர்கள்.

இனி, பலர் கோட்டை விடும் இடத்துக்கு வருகிறேன். "அட்வென்ச்சர்" என்ற அதே தொடரை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் தேடினால் கிடைக்காது. அப்படியானால் அந்த விதி போய்விட்டதா? போகவில்லை, உடுப்பை மாற்றிக்கொண்டது. 195ஆம் பிரிவில் "வணிகம்" என்ற சொல்லின் வரைவிலக்கணத்தை எடுத்து வாசியுங்கள். எவ்வளவு குறுகிய காலத்துக்கானதாயினும், வணிகத் தன்மை கொண்ட தனியொரு ஏற்பாடும் வணிகத்துள் அடங்கும் என்ற கருத்து அங்கே இருக்கிறது. பழைய தீர்ப்புக்குப் பழைய சொல், புதிய சட்டத்துக்குப் புதிய சொல். இரண்டையும் தேடி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை வரும். வியாபாரம் இல்லை என்று ஆனால் மூலதன ஆதாயம் என்ற கேள்வி எழும். அதைச் சட்டத்தின் ஆங்கிலப் பாடம் முதலீட்டுச் சொத்தின் "ரியலைசேஷன்" என்ற சொல்லில் பேசுகிறது. ஒரே காணி, ஒரே காசு. வியாபாரம் என்றால் தனிநபருக்கு 2023 முதல் உச்சமாக 36 வீதம் வரை போகும் படிமுறை விகிதம். ஆதாயம் என்றால் 2018 ஏப்ரலில் 10 வீதமாகத் தொடங்கிய வேறொரு விகிதம். எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதில் பெரும் தொகை தங்கியிருக்கிறது.

ஆகவே, தேடத் தொடங்க முன்னர் சட்டத்தின் வரைவிலக்கணப் பிரிவை வாசியுங்கள். அந்தச் சட்டம் எந்தச் சொற்களில் யோசிக்கிறது என்பது அங்கேதான் தெரியும். ஐந்து நிமிட வேலை. அரை நாள் அலைச்சல் மிச்சம்.

அடுத்தது காலம். வரிச் சட்டத்தில் "விகிதம் என்ன?" என்று கேட்கக்கூடாது, "அந்தத் திகதியில் விகிதம் என்னவாக இருந்தது?" என்று கேட்க வேண்டும். நாம் வற் என்று சொல்லும் பெறுமதி சேர் வரியையே எடுங்கள். 2019 டிசம்பர் முதலாம் திகதி 15 வீதத்திலிருந்து 8க்கு இறங்கியது. 2022 ஜூன் முதலாம் திகதி 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி மறுபடி 15. 2024 ஜனவரி முதலாம் திகதி 18. பதிவு செய்ய வேண்டிய வருடப் புரள்வின் எல்லையும் ஓடியது: 2020இல் 300 மில்லியன் ரூபா, 2022 ஒக்டோபரில் 80 மில்லியன், 2024 ஜனவரியில் 60 மில்லியன். 2022 ஜூலையில் எழுதிய பில்லைப் பற்றிக் கேள்வி வந்தால், தேடுபொறி முதலாவதாகக் காட்டும் 18 வீதம் உங்களுக்கு எதற்கு? 2022ஐச் சுற்றியே மூன்று விடைகள் இருக்கின்றன, உங்களுடையது 12.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அறிவித்த பல வருமான வரி மாற்றங்கள் முதலில் திணைக்களத்தின் அறிவித்தல்களாகவே நடைமுறைக்கு வந்தன. அவற்றைச் சட்டமாக்கிய 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 2021 மே மாதம்தான் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் சட்டப் புத்தகத்தைத் தேடியவருக்கு ஒரு விடை, அறிவித்தலைத் தேடியவருக்கு இன்னொரு விடை. அதனால் வரி விஷயத்தில் ஒரு தளத்தில் தேடி முடிக்க முடியாது. மூலச் சட்டம், திருத்தச் சட்டங்கள், வர்த்தமானி, திணைக்கள அறிவித்தல், தீர்ப்பு என்று ஐந்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2021, 2022, 2023, 2025 என்று திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. திருத்தங்கள் எல்லாம் ஒன்றுசேர்த்த பாடம் என்று ஒரு கோப்பைத் திறந்தால், அது எந்தத் திகதி வரை சேர்த்தது என்பதை முதற்பக்கத்திலேயே பாருங்கள்.

தமிழில் தேடலாமா என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டும். சட்டங்கள் தமிழில் இருக்கின்றன. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரைப்படி, சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்பட வேண்டும். ஆனால் தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து, கண்முன்னே கிடக்கும் "வரி" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். பல பழைய கோப்புகளில் ஒன்றுமே இல்லை என்று வரும். காரணம், அவை யூனிக்கோட்டுக்கு முந்திய எழுத்துருக்களில் அமைக்கப்பட்டவை. உதாரணமாக, பாமினி எழுத்துருவில் "வரி" என்று தெரிவது கணினிக்கு ரி, யூ, பி என்ற மூன்று சிறிய ஆங்கில எழுத்துகள்தான். தேடல் பெட்டியில் அந்த மூன்று எழுத்தையும் தட்டினால் பல கோப்புகளில் "வரி" எல்லாம் வந்து நிற்கும். வேறு சில கோப்புகள் வெறும் படங்கள். அவற்றில் எதைத் தட்டினாலும் வராது, கண்ணால்தான் தேட வேண்டும். யூனிக்கோட்டில் உள்ளவற்றிலும் "வருமான வரி" என்று பிரித்தும் "வருமானவரி" என்று சேர்த்தும் எழுதுகிறார்கள். "கட்டணம்" என்று தட்டினால் "கட்டணத்தை" என்பது அகப்படாது. ஆகவே தமிழில் சொல்லின் மாறாத அடியை மட்டும் தட்டுங்கள். "கட்டண" என்றால் இரண்டும் வரும்.

பெரும்பாலான தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால், இன்றைய நிலையில் ஆங்கிலத்தில் தேடி, தமிழில் வாசித்து விளங்கிக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. அத்தோடு ஒரு முக்கியமான வேலையும் உண்டு. சட்டத்தின் கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள, தமிழ்ப் பாடங்களுக்கிடையே முரண்பாடு வந்தால் சிங்களப் பாடமே மேலோங்கும் என்று வழமையாக எழுதியிருக்கும். பெரிய தொகை ஒன்று ஒரு சொல்லில் தங்கியிருந்தால், சிங்களம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து அந்தப் பிரிவைச் சிங்களத்திலும் வாசித்துவிடுங்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட ஒருவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

இதெல்லாம் எதற்கு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லும் என்று பின்வரிசையில் இருக்கும் தம்பிமார் நினைப்பது எனக்குத் தெரிகிறது. கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். எந்தச் சொற்களைப் போட்டுத் தேடலாம் என்று கேட்க அது நல்ல இடம். ஆனால் 2023இல் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள், அது சொன்ன வழக்குகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அப்படி வழக்குகளே இல்லை. நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். வழக்கின் பெயர் எங்கிருந்து கிடைத்தாலும், நீதிமன்றத் தளத்திலோ அறிக்கைத் தொகுதியிலோ அதைக் கண்ணால் காணும் வரை அது உங்கள் கையில் இல்லை.

கடைசியாக, இன்று இரவே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் தொழில் அரிசி ஆலையோ, புடவைக் கடையோ, ஹாட்வெயாரோ, எதுவாகவும் இருக்கட்டும். அந்தத் தொழிலில் நீங்கள் நாளாந்தம் சொல்லும் சொல்லை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சட்டம் அதற்குச் சொல்லும் ஆங்கிலச் சொல்லை, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்ற குறிப்போடு எதிரே எழுதுங்கள். கீழே, என்ன சொல்லைப் போட்டு, எந்தத் தளத்தில், என்ன திகதியில் தேடினீர்கள், என்ன வந்தது, என்ன வரவில்லை என்று ஒரு வரி. கணக்காளரிடமோ சட்டத்தரணியிடமோ போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். அவருடைய வேலை பாதியாகும். நீங்கள் கேட்கும் கேள்வியும் சரியான கேள்வியாக இருக்கும். தேடல் சட்டத்தரணியை வீட்டுக்கு அனுப்பாது. அவர் சொல்வதை விளங்கிக்கொள்ளவும், தேவைப்பட்டால் "அந்தத் திருத்தத்தையும் பார்த்தீர்களா சேர்?" என்று கேட்கவும் நம்மைத் தயாராக்கும்.

இங்கே இருக்கும் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து தங்கள் கொப்பிகளை ஒன்றாக்கினால், இந்த ஊர் வியாபாரிகளுக்கு ஒரு சொற்பட்டியல் கிடைத்துவிடும். அதைச் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். கையில் அறிவித்தல் வைத்திருப்பவர்கள் அதில் போட்டிருக்கும் திகதியை முதலில் வாசித்துவிட்டுக் கேளுங்கள்.